‘ஆயிரம் ரூபாதானே... நான் ஓட்டினதா சொல்லிடுறேன்!’ - இ-சலான் வந்த வீட்டில் செய்யக்கூடாத தப்பு

கம்பத்தில் ஒரு வீடு. தேனி மாவட்டத்தின் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு கற்பனை வீடு என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். வாசலில் அவர் பெயரில் ஒரு கார். சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். அவசரத்துக்கு வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் போனுக்கு ஒரு மெசேஜ். அவருடைய வண்டி நம்பர், தேதி, நேரம், இடம். குற்றம்: அதிவேகம். கீழே அபராதத் தொகை.

“ஏங்க, அன்னிக்கு நீங்க தோட்டத்துலதானே இருந்தீங்க?” என்கிறார் அம்மா.

“உன் தம்பிதான் மதுரைக்குக் கொண்டுபோனான்.”

“அவன் சாயங்காலமே கொண்டாந்து விட்டுட்டானே! இதுல ராத்திரி ஒன்பதரைன்னுல்ல போட்டிருக்கு?”

ப்ளஸ் டூ படிக்கும் மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. “சரி விடு. ஆயிரம் ரூபாதானே... யாராவது கேட்டா நான்தான் ஓட்டினேன்னு சொல்லிட்டுப் போறேன்.”

பாசத்தில் வரும் வார்த்தைதான். ஆனால், வேகமாகப் போனதற்கான அபராதத்தைவிட அந்த ஒரு பொய்க்குக் கொடுக்கும் விலை பல மடங்கு அதிகமாகிவிடலாம். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

கேமரா பார்ப்பது வண்டியை... போலீஸ் கேட்பது ஆளை!

ரோட்டில் போலீஸ் கைகாட்டி நிறுத்தினால், ஓட்டியவர் யார் என்ற சந்தேகமே வராது. லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிடுவார்கள். கேமரா அப்படியல்ல. அது நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. அந்த நம்பர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை நாடு முழுக்க உள்ள வாகனப் பதிவுத் தரவிலிருந்து எடுக்கிறது. சலான் நேராக உரிமையாளருக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு ஸ்டீயரிங் பிடித்தது அவரா, அவருடைய மச்சினனா, டிரைவரா என்பது கேமராவுக்குத் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது வெளியூர் விஷயம் இல்லை. குமுளி தாண்டினால் கேரளா. போடிமெட்டு ஏறினாலும் கேரளா. கம்பம்மெட்டு ஏறினாலும் கேரளா. அங்கே 2023 ஜூன் 5 முதல் ‘சேஃப் கேரளா’ திட்டத்தின் கீழ் 726 கேமராக்களை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் என்று பலவற்றுக்கான கேமராக்கள் அதில் உண்டு. வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் என்பதால் தப்பிக்க முடியாது.

இந்தக் கேமராக்களுக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு டாக்டரும் இருக்கிறார். விபத்தில் சிதைந்து வருபவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். சாலைகளை மின்னணுக் கருவிகளால் கண்காணிக்கச் சொல்லும் 136ஏ பிரிவு, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதை மாநிலங்கள் ஒழுங்காக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அதே வழக்கில்தான் 2024-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

காரணமும் சின்னது இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 71 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோரின் மரணம் ‘அதிவேகம்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, 183-வது பிரிவு. இது வேகத்துக்கானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. இரண்டாவது முறை சிக்கினால் லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

இரண்டாவது, 133-வது பிரிவு. பலருக்கும் இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. வண்டியை ஓட்டியவர் மீது குற்றச்சாட்டு இருந்து, அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி கேட்டால், ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை உரிமையாளர் கொடுத்தே ஆகவேண்டும். தனக்குத் தெரிந்ததை மட்டும் இல்லை. முறையாக விசாரித்தால் தெரிந்துகொள்ளக்கூடியதையும் சொல்ல வேண்டும். ‘எனக்குத் தெரியாதுங்க, யாரோ எடுத்துட்டுப் போனாங்க’ என்று கையை விரித்தால் அது பதிலாகாது.

மூன்றாவது, 179-வது பிரிவு. கேட்ட தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ, பொய் என்று தெரிந்தே சொன்னாலோ ஒரு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவனித்தீர்களா? முதல் முறை வேகமாகப் போனதற்கு வெறும் அபராதம். ஓட்டியவர் யார் என்று பொய் சொன்னால் சிறைக்கும் இடம் இருக்கிறது! அந்தப் பொய்யை கோர்ட்டில் சாட்சியாகவே சொன்னால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவு வரும். அதில் தண்டனை ஏழு ஆண்டுகள் வரை.

நடைமுறையில், சாதாரண சலானுக்கு உரிமையாளர் பணம் கட்டினால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. மச்சினன் ஓட்டிய வண்டிக்கு மாமா பணம் கட்டுவதில் தப்பேதும் இல்லை. ஓட்டாத ஒருவர் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொல்வதும், எழுதிக் கொடுப்பதும்தான் தப்பு.

77 டாலருக்காக ஜெயிலுக்குப் போன நீதிபதி

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மார்கஸ் ஐன்ஃபெல்ட் அந்நாட்டு ஃபெடரல் கோர்ட்டின் முன்னாள் நீதிபதி. மனித உரிமைகளுக்காகப் பேசி, நாடே மதித்த மனிதர். 2006 ஜனவரியில் சிட்னியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய சாலையில் அவருடைய கார் 60-ல் போனதை கேமரா பிடித்தது. அபராதம் வெறும் 77 ஆஸ்திரேலிய டாலர்.

கட்டியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். அவரோ, ‘அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான் இல்லை; அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தோழி, பேராசிரியர் தெரசா பிரென்னன்’ என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார். கோர்ட்டும் நம்பி, வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு பத்திரிகை தோண்டியதில் உண்மை வெளியே வந்தது. அந்தப் பேராசிரியர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2003-லேயே இறந்துபோயிருந்தார்! முதல் பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று என்று போய், கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2009 மார்ச்சில் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை. அதில் இரண்டு ஆண்டுகள் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 70.

பிரிட்டனிலும் இதே கதைதான். 2003-ல் வேக கேமராவில் சிக்கிய கிறிஸ் ஹூன் என்ற அரசியல்வாதிக்காக, அவருடைய மனைவி விக்கி பிரைஸ் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று பழியை ஏற்றுக்கொண்டார். பிறகு ஹூன் அமைச்சரானார். குடும்பம் பிரிந்தபோது உண்மை வெளியே வந்தது. 2013-ல் இருவருக்கும் தலா எட்டு மாத சிறை. ஓட்டிய கணவருக்கு மட்டுமல்ல, ஓட்டாத மனைவிக்கும்!

18 வயதுக்குக் குறைவானவர் ஓட்டியிருந்தால்..?

இப்போது கம்பத்து வீட்டுக்கு வருவோம். ஓட்டியது 17 வயது மகன். இங்கே வேகம் இரண்டாவது பிரச்னைதான். லைசென்ஸ் வாங்கும் வயதே வராத பிள்ளையின் கையில் கார் போனதுதான் முதல் பிரச்னை.

2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு இதற்காகவே வந்தது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும்வரை லைசென்ஸ் கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான்; தடுப்பதற்கு நான் முறையாக எல்லாம் செய்திருந்தேன்’ என்று நிரூபித்தால் தப்பிக்க வழி உண்டு. ஆனால், நிரூபிக்க வேண்டியது பெற்றோர். சாவி எல்லோர் கைக்கும் எட்டும் ஆணியில் தொங்கியதென்றால் அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

‘அதனால்தானே அப்பா பழியை ஏற்கிறேன் என்கிறார்?’ என்று கேட்கலாம். ‘வேறொருவர் ஓட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை புனே காட்டியது. 2024 மே 19 அதிகாலை, கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, ஐ.டி துறையில் வேலைபார்த்த இளைஞரும் இளம்பெண்ணும் இறந்தார்கள். அதன்பிறகு, ‘நான்தான் ஓட்டினேன் என்று சொல்’ என வீட்டு டிரைவரை மிரட்டி, அடைத்து வைத்ததாகச் சிறுவனின் அப்பா, தாத்தா மீதே வழக்கு பாய்ந்தது. விபத்து வழக்கில் சிக்கிய பிள்ளையைக் காப்பாற்றப்போய், மூன்று தலைமுறையும் போலீஸ் வளையத்துக்குள் வந்தது.

இப்படி ஒரு நிலை வந்தால் போலீஸுக்கு எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன்பு ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால், தேனி லட்சுமிபுரத்தில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

ஜீப் டிரைவர்களும் முதலாளிகளும்

கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளில் விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகள். வண்டி ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவர் இன்னொருவர். காய்கறி, வாழைத்தார் ஏற்றிப்போகும் லாரிகளிலும் இதேதான்.

இங்கே ‘யார் ஓட்டியது’ என்ற கேள்வி சாப்பாட்டுப் பிரச்னை. அதிவேகத்தில் இரண்டாவது முறை பெயர் பதிவானால் லைசென்ஸுக்கே ஆபத்து என்று பார்த்தோம். டிரைவருக்கு லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது. அதனால் முதலாளி ஏதோ ஒரு டிரைவரின் பெயரைக் கொடுத்துவிடுவதோ, இன்னொருவர் ஓட்டியதை ‘என் தலையில் போட்டுக்கோங்க’ என்று டிரைவர் தலையாட்டுவதோ, இரண்டுமே ஆபத்து.

டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் 183-வது பிரிவில் இருக்கிறது. தன்னிடம் வேலை செய்பவரை வேகமாக ஓட்ட வைப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. ‘ஏழரை மணிக்குள்ள எஸ்டேட்ல இருக்கணும்’ என்று உத்தரவு போட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குப் போய்ச்சேரவே முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த உத்தரவே அதைப் போட்டவருக்கு எதிரான முகாந்திரச் சாட்சி. மெசேஜில் வந்த உத்தரவாக இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

வித்த வண்டிக்கு வந்த சலான்

‘அந்த வண்டியை நான் வித்து ரெண்டு வருஷமாச்சே!’ என்பவர்களும் உண்டு. பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் ஆர்.சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஒரே கார் பல கைகள் மாறிய பிறகு நடந்த ஒரு விபத்து வழக்கில், 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. முதலில் விற்றவரின் பெயர் பதிவில் மாறாததால், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு அவர்மீதே விழுந்தது.

மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்றவர் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்ற வேண்டும். ‘வாங்கினவர் மாத்திக்குவார்’ என்று விட்டுவிடாதீர்கள்.

சலான் வந்தால் என்ன செய்வது?

* லிங்க்கை அவசரப்பட்டு அமுக்காதீர்கள். சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ ஃபைல் அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் உண்டு. ‘பரிவாகன்’ அரசுத் தளத்துக்கு நீங்களே போய், வண்டி நம்பரைக் கொடுத்துப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

* போட்டோவைப் பாருங்கள். நம்பர், வண்டியின் நிறம், மாடல் எல்லாம் உங்களுடையதுதானா? அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்திருந்தால் ஃபாஸ்டேக் கணக்கு, பெட்ரோல் பில், வீட்டு சிசிடிவி எல்லாமே ஆதாரம். உங்கள் நம்பரை வேறு வண்டியில் மாட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் போலீஸில் புகார் கொடுங்கள்.

* தேதியைப் பாருங்கள். கேமரா சலான்களுக்கான 167ஏ விதி 2021 ஆகஸ்ட்டில் வந்தது. குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்று வேண்டும், கேமரா இருப்பதை எச்சரிக்கும் பலகை வேண்டும் என்று அது சொல்கிறது. இதில் எது இல்லையென்றாலும் ஆட்சேபத்தில் குறிப்பிடலாம்.

* போலீஸ்காரர் கண்ணால் பார்த்து ‘வேகமா வந்தான்’ என்று சொன்னால் மட்டும் போதாது. ஒருவரின் கருத்தை மட்டும் வைத்து அதிவேகத்துக்குத் தண்டிக்க முடியாது. கருவியின் அளவீடு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

* தவறு நம்முடையதுதான் என்றால் காலத்தோடு கட்டிவிடுங்கள். சட்டப்படி கட்டி முடித்துவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை கிடையாது. தவறு இல்லையென்றால் தளத்திலேயே புகார் பதியலாம், கோர்ட்டிலும் எதிர்க்கலாம். கண்டுகொள்ளாமல் விடுவதுதான் மோசமான வழி.

* ஓட்டியவர் யார் என்று எழுத்தில் கேட்டால், எழுத்தில் உண்மையைச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே தெரியவில்லையென்றால், யார் யாரிடம் விசாரித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

லாரி ஆபீஸ்களில் டிரிப் ஷீட் வைத்திருப்பார்கள். எந்த வண்டியை, எந்தத் தேதியில், யார் எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். வீட்டுக் காருக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது. சாவி பக்கத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று. எடுப்பவர் பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம். வண்டியை இரவல் கேட்கும் சொந்தக்காரரிடம் லைசென்ஸைக் கேட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன மாமா, என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று மாப்பிள்ளை முகம் சுருங்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் 180-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்பதைச் சிரித்துக்கொண்டே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கம்பத்து அப்பா செய்ய வேண்டியதும் சிக்கலான காரியம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்க வேண்டும். நாளைக் காலையில் ஒரு வக்கீலைப் பார்த்து, சலானை எப்படி முடிப்பது என்று கேட்க வேண்டும். யார் கேட்டாலும் ‘நான் ஓட்டினேன்’ என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்பா இந்த முறை பொய் சொல்லிக் காப்பாற்றினால், அடுத்த முறையும் காப்பாற்றுவார் என்றுதான் 17 வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை வருவது சலானாக மட்டும் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முக்கியமாக, ஆணியில் தொங்கும் அந்தச் சாவியை இன்று ராத்திரியே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்!